நைனாவுக்கு ஓட்டை போட்டாச்சு

இணையம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று யாராவது ஆரம்பித்தால் நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. பேசாமல் டீயைக் குடிப்பேன். எதற்கும் வாயை மூடாதவள் இதற்கு மட்டும் ஏன் மூடுகிறாள் என்று தெரிந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எங்கள் நைனாவின் தொண்டை விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அதை ஒருமுறையாவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நைனா என்றால் அப்பா. ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் வீட்டில் பேசுகிற தமிழுக்குள் தெலுங்கு தாராளமாகப் புழங்கும். ஆனால் இதே சொல் சென்னைக்குள் போனால் வேறு வேஷம் கட்டிக்கொள்ளும். அங்கே ஆட்டோக்காரர் சவாரியைக் கூப்பிடுவதும், கூட்டாளி கூட்டாளியை வம்புக்கு இழுப்பதும், கட்சித் தலைவரை டீக்கடையில் கிண்டல் செய்வதும் ‘இன்னா நைனா’ என்றுதான். இந்த இரண்டு நைனாக்களுக்கும் நடுவே ஒருநாள் நான் மாட்டிக்கொள்வேன் என்று அப்போது தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆறேழு வருடங்கள் நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை அரை நாள். மத்தியானம் நேராகப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவேன். அங்கே மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் தமிழ் தமிழாகத் தெரியும். மற்றவற்றில் கட்டம் கட்டமாக வரும். அதனால் அந்த மூலை எனக்கே எனக்கு என்று கடைக்கார அண்ணன் ஒதுக்கி வைத்திருந்தார். நான் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தேன்.

என்ன எழுதினேன் என்று கேட்டால் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. தெரு முனை வரை கேட்கிற ஸ்பீக்கர் வைத்த சைனா செட் மொபைலைப் பற்றி எழுதினேன். எலெக்ஷனுக்குக் கொடுப்பதாகச் சொன்ன கலர் டிவி வந்துவிடும், அதை ஓட்டக் கரண்டு எப்போது வரும் என்று கேட்டு எழுதினேன். சீரியலில் மாமியார்கள் தூங்கும்போதும் பட்டுப் புடவையும் அட்டிகையுமாகப் படுப்பது ஏன் என்று ஆராய்ந்தேன். ஏதோ ஒரு தேசத்தில் ஒருவர் தினமும் காலையில் தான் தின்னும் ரொட்டியைத் தின்னுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றியே மூன்று பதிவு எழுதினேன். எல்லாமே நக்கல். பெயர் போடாமல் எழுதியதால் படித்தவர்கள் என்னை ஆண் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

இந்த நக்கல் எல்லாம் எனக்கு நைனாவிடமிருந்து வந்தது. அவர் நெடுஞ்சாலையோரம் ஒரு எடைமேடையில் வேலை செய்தார். லாரி வந்து மேடை மேல் நிற்கும். நைனா ஜன்னல் வழியாக நம்பரைக் கத்துவார். தமிழ் டிரைவருக்குத் தமிழில், தெலுங்கு டிரைவருக்குத் தெலுங்கில், இரண்டும் தெரியாதவருக்கு இரண்டையும் கலந்து. நடுவில் அரசியல் வேறு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் நைனா எதிர்க்கட்சி. அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் சுற்றி நாலு பேராவது நின்றுவிடுவார்கள். பேச்சுக்கு நடுவே பீடியை அணைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பீடி தன் வேலையைக் காட்டியது. குரல் கரகரத்தது, பிறகு கம்மியது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை மொத்தமாக எடுத்தார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சை அந்த வழியாக விட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். எங்களுக்கும் அன்றைக்கு அதுவே பெரிதாக இருந்தது. பேச்சைப் பற்றி வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தோம்.

எழுதிக் காட்டலாமே என்றார்கள் எல்லோரும். அங்கேதான் எங்கள் ஊர்க் கோளாறு. நைனா ஐந்தாவது வரை படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில், தெலுங்கில். தமிழை அவர் நாள் முழுக்கப் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாது. நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். தெலுங்கு காதில் விழுந்தால் பாதி புரியும். எழுத்தைப் பார்த்தால் ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கும். அம்மாவுக்கு இரண்டு எழுத்தும் தெரியாது. ஆக, நைனா சீட்டு எழுதினால் அதை வீட்டில் படிக்க ஆள் இல்லை.

லேபில் என்னோடு வேலை பார்த்த, தெலுங்கு படித்த அக்கா ஒருவர் ஆந்திரப் பக்கம் சூலூர்பேட்டையிலிருந்து வருவார். நைனா எழுதுகிற சீட்டுகளை நான் டிபன் பையில் போட்டுக்கொண்டு போவேன். அவர் படித்துச் சொல்வார். ‘ரசத்தில் உப்பு ஜாஸ்தி.’ ‘எடைமேடைக்குப் புது ஆள் போட்டார்களாமே, யார்?’ ‘உன் அம்மா என் வாயசைவைப் பார்த்துத் தப்புத் தப்பாகப் புரிந்துகொள்கிறாள், தண்ணீர் கேட்டால் தலையணை வருகிறது.’ நாங்கள் சிரிப்போம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் முதல் நாள் சொன்னதற்கு மறுநாள் பதில் சொல்வேன். பேச்சு நடந்தது, தபாலில் நடக்கிற மாதிரி.

ஒருநாள் அக்கா சீட்டைப் பிரித்தார், படித்தார், திரும்ப மடித்தார்.

“இன்னாக்கா போட்டுகிறாரு?”

“கையெழுத்து புரியலமா.”

“நேத்து வரிக்கும் புரிஞ்சுதே?”

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “குரலுக்குப் பதிலா உசுரே போயிருந்தா நல்லாருக்கும்னு போட்டுகிறாரு.”

அன்று சாயங்காலம் எனக்கு வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. நான் போனதும் நைனா என் முகத்தைப் பார்த்தார். சீட்டு படிக்கப்பட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது மனுஷி படித்தாள் என்ற கூச்சமோ என்னவோ, அதோடு எழுதுவதையும் நிறுத்திக்கொண்டார். சாப்பாடும் பாதியானது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். டீக்கடை ஆட்கள் பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். அவர் தூங்கவில்லை என்று வந்தவர்களுக்கும் தெரியும்.

கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று வெளிநாட்டில் இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மருந்துக்கடையில் கேட்டால் காது மெஷினை எடுத்துக் காட்டினார்கள். எனவே அந்தச் சனிக்கிழமை மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என் பதிவில் கேட்டேன்.

எழுதும்போது ‘தொண்டை’ என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அழித்தேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அழ எனக்கு இஷ்டமில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தை வேகமாக எழுதிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். இதுதான் அந்தப் பதிவு:

‘நைனாவுக்கு ஓட்டை போட்டாச்சு. அதுக்கு முன்னாடி ஊரையே கூட்டிப் பேசிக்கினு இருந்தவரு, இப்போ வாயே திறக்கறதில்ல. கழுத்துல துண்டைச் சுத்திக்கினு நாள் பூரா நாற்காலியில உக்காந்துக்கினு இருக்காரு. யாராவது பாக்க வந்தா தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கறாரு. இவரைப் பேச வைக்க ஏதாவது மெஷின் இருக்குதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.’

அடுத்த சனிக்கிழமை திறந்து பார்த்தால் என் எந்தப் பதிவுக்கும் அதுவரை வராத கூட்டம். பரபரவென்று படிக்க ஆரம்பித்தேன்.

‘எந்தத் தொகுதி தலைவா?’ என்று முதல் ஆள் கேட்டிருந்தார். ‘எங்கள் ஊர் நைனாவும் இதே கேஸ்தான். ஓட்டைப் போட்டதும் ஊமையாகிவிட்டார்.’ ‘மெஷினில் ஓட்டுப் போட்டீர்கள் அல்லவா, இனிமேல் மெஷின்தான் பேச வேண்டும்.’ ‘பேச வைக்கிற மெஷின் இருக்கிறது, அதன் பெயர் இடைத்தேர்தல்.’ ‘நாற்காலி, துண்டு, தூக்கம், மூன்றையும் கோத்த விதம் அருமை. உங்கள் பதிவுகளிலேயே உச்சம்.’

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கப்பன் தொண்டையை அறுத்துப் போட்டிருக்கிறார்கள், உங்களுக்கு உச்சமா என்று விரல் வலிக்க வலிக்க அடித்தேன். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை என் பதிவை நானே படித்தேன். ஓட்டை. துண்டு. நாற்காலி. அவர்கள்மேல் என்ன தப்பு? தொண்டை என்ற ஒரு சொல் இல்லாததால் எங்கள் வீட்டு நைனா அப்பட்டமாக ஓர் எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். வருடக்கணக்காக நக்கலை மட்டுமே பரிமாறிவிட்டு, ஒருநாள் திடீரென்று அழுதால் அதையும் நக்கல் என்றுதானே சாப்பிடுவார்கள். அந்த இடைத்தேர்தல் வரிக்கு எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததை நினைத்து அழுகை வந்தது. அடித்ததை அழித்துவிட்டு எழுந்தேன்.

கடைக்கார அண்ணன் திரையை எட்டிப் பார்த்து, “மெயிலு ஒண்ணு வந்துகிது போல, பாக்காம போறியே” என்றார். திரும்ப உட்கார்ந்தேன்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் எழுதியிருந்தார். ‘அன்புள்ள தம்பி, நீங்கள் எழுதியதை எல்லோரும் வேடிக்கை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. நாங்களும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். உங்கள் நைனாவுக்கு ஓட்டை போட்டது கழுத்திலா? என் கணவருக்கும் அந்த ஆபரேஷன் நடந்தது. யாராவது பார்க்க வந்தால் அவரும் கண்ணை மூடிக்கொள்வார். உங்கள் பதிவில் அதைப் படித்ததும்தான் எனக்குப் புரிந்தது. மூன்று வருடம் ஒரு கருவியைக் கழுத்தில் வைத்துப் பேசினார். மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பியது. அவர் காலமாகி எட்டு மாதமாகிறது. கருவி பீரோவில் சும்மா இருக்கிறது. முகவரி அனுப்புங்கள். நான் நினைத்தது தவறாக இருந்தால் மன்னிக்கவும்.’

அத்தனை பேர் படித்ததில் ஒரே ஒருவர் அதை ஒரு மகள் எழுதியதாக, சரி, மகன் எழுதியதாகப் படித்திருந்தார். அந்த நிமிஷம் எனக்கு வந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைக்கார அண்ணனைப் பிடித்து முழு மெயிலையும் படித்துக் காட்டினேன்.

அவர் தாடையைச் சொறிந்தார். “இன்னாமா, எங்கியோ ராஜா செத்துட்டாரு, சொத்து உனக்குத்தான்னு வருமே, அந்த மாதிரி டுபாக்கூரா இருக்கப் போவுது. ஊட்டு அட்ரஸ் மட்டும் குடுக்காத.”

கம்பெனி முகவரியைக் கொடுத்தேன். தம்பி இல்லை, தங்கச்சி என்றும் எழுதினேன்.

பார்சல் வந்த அன்று கேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். உள்ளே வருகிற எதையும் பிரித்துப் பார்க்கிற வழக்கப்படி செக்யூரிட்டி பிரித்துவிட்டிருந்தார். டார்ச் லைட் மாதிரி ஒன்று. பட்டனை அமுக்கியதும் கொர்ரென்று அதிர, அவர் அதை மேஜையில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். “இன்னா பேஜாருமா இது? வெடிக்குமா?” நான் என் கழுத்தில் வைத்துக் காட்டி வாயை அசைத்தேன். “வெடிக்காது” என்று அது சொன்னது. அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனாலும் அவர் சிரித்துவிட்டார்.

மெஷினைச் சுற்றி வந்திருந்த துண்டு துவைத்து மடித்தது. பேட்டரி மூடி கழன்று விழாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதில் விரல் படுகிற இடம் தேய்ந்திருந்தது. கூடவே சார்ஜரும் டீச்சரின் கடுதாசியும். ‘மூச்சைத் தள்ள வேண்டாம், உதட்டை மட்டும் நன்றாக அசைக்கச் சொல்லவும். என் கணவருக்கு இடது தாடைக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி வைத்தால் பேச்சு வரும். உங்கள் நைனாவுக்கு எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும். பழகியதும் இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்கள்.’

நைனாவுக்குத் தேடியது சுலபத்தில் கிடைக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கரண்டு வைத்த ரேடியேஷன் சிகிச்சையில் அவர் கழுத்துத் தோல் தோல்செருப்பு மாதிரி இறுகியிருந்தது. எங்கே வைத்தாலும் வண்டு பறக்கிற சத்தம்தான். இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் மெஷினைச் சுவர்ப் பக்கம் உருட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அம்மா அதை எடுத்து முந்தானையால் துடைத்து மறுபடி அவர் பக்கத்தில் வைத்தாள். நான் இணையத்தில் துழாவி ஒரு வெள்ளைக்காரரின் படத்தைக் கண்டுபிடித்தேன். அவர் மெஷினைக் கழுத்தில் வைக்காமல் கன்னத்தில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரிண்ட் எடுத்து வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். நைனா அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றினேன்.

“லேட்டு” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“பஸ் வரல நைனா, நான் இன்னா பண்றது?” என்று எரிந்து விழுந்துகொண்டே குடத்திலிருந்து தண்ணீர் மொண்டேன். மொண்ட பிறகுதான் உறைத்தது. செம்பு கையிலிருந்து நழுவி வீடெல்லாம் தண்ணீர். நைனா கன்னத்தில் மெஷினை வைத்துக்கொண்டு, படத்தில் இருப்பவரைப் போலவே சிரித்துக்கொண்டு நின்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏற்ற இறக்கமே இல்லாத தட்டைக் குரல். ஆனால் சொல் நைனாவுடையது. ஊரில் உள்ள கடவுள்கள் எல்லோரையும் விட்டுவிட்டு நான் கோவில்பட்டித் திசையில் கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டோம். என் சைனா செட்டின் ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்தேன். நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “இதோ நைனாவே பேசறாரு” என்றேன். நைனா துண்டைச் சரிசெய்துகொண்டு மெஷினைக் கன்னத்தில் வைத்தார். வணக்கம் என்றார். நீங்கள் செய்தது பெரிய உபகாரம் என்றார். நாலு நாள் சொல்லிப் பார்த்துத் தயார் செய்திருந்தார்.

“லைன் கட்டாயிச்சா?” என்று நைனா என்னைப் பார்த்தார்.

“வச்சிராதீங்க” என்றது போன். டீச்சர் அழுதுகொண்டிருந்தார். “ஒண்ணுமில்லம்மா. அவரு பேசுத மாதிரியே இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த மெஷினுக்கு ஆளுக்கொரு குரல் கிடையாது. யார் வைத்துப் பேசினாலும் அதே குரல்தான். மூன்று வருடம் அதுதான் அவருடைய கணவரின் குரல். நன்றி சொல்லப் போகிறோம் என்று கிளம்பி அந்த அம்மாவின் வீட்டுக்குள் அவர் குரலையே கொண்டுபோய்விட்டோமே என்று பதறி போனை எடுக்கப் போனேன். நைனா என் கையைத் தள்ளிவிட்டார்.

“இன்னும் பேசணுமாம்மா?” என்று கேட்டார்.

“பேசுங்க.”

நைனா பேசினார். எங்கே வேலை செய்தார், லாரிக்காரர்கள் எப்படி ஏமாற்றுவார்கள், கலர் டிவி எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் இன்னும் வரவில்லை, எல்லாம் பேசினார். பாதியில் தெலுங்குக்கு மாறினார். டீச்சர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். ஆபரேஷனுக்குப் பிறகு நைனா இவ்வளவு நேரம் பேசியதை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

கடைசியில் டீச்சர் தயங்கித் தயங்கி, “ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார். “தெனம் அடுப்படிப் பக்கம் வந்து நின்னு, ‘தின்னாவா’ன்னு கேப்பாரு. நான் சாப்புட்டனான்னு. அதை ஒரு தடவ கேக்கீங்களா?”

நைனா அம்மாவைப் பார்த்தார். சோறு ஆச்சா என்று கேட்டிருக்கிறாரே தவிர, நீ சாப்பிட்டாயா என்று அவர் அம்மாவை ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“கேளுய்யா” என்றாள்.

நைனா மெஷினைக் கன்னத்திலிருந்து எடுத்து, இடது தாடைக்குக் கீழே இரண்டு விரல் வைத்து அளந்து, அங்கே அழுத்தினார். அங்கே வைத்தால் அவருக்குச் சரியாக வராது. இருந்தும் உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார்.

“தின்னாவா?”

“இன்னும் இல்லைங்க” என்றார் டீச்சர். “இதோ, இப்ப சாப்பிடப் போறேன்.”